உவர்மலை சுற்றுலா ஆங்கில வகுப்பு: பேச்சுக்குத் திறம், எழுத்துக்குப் போதாது

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ், படகு, ஓட்டோ, வழிகாட்டல் என்று தொழில் செய்கிறவர்களுக்காக திருகோணமலை உவர்மலையில் நடக்கும் 12 வார ஆங்கில வகுப்பு இது. சனி, ஞாயிறு காலையில் மும்மூன்று மணித்தியாலம். ஒரு பிரிவில் 14 பேருக்கு மேல் எடுப்பதில்லை. நூறு பேரோடு இருந்து இலக்கணக் குறிப்பு எழுதிக் களைத்தவர்களுக்கு இதுவே பெரிய ஆறுதல். எல்லாருக்கும் வாய் திறக்க நேரம் கிடைக்கிறது.

சேர முதல் ஒரு வாய்மொழிச் சோதனை இருக்கிறது. ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏ2 அளவு வேண்டும். அதாவது நேரம், விலை, வழி கேட்டால் தட்டுத்தடுமாறியாவது பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே இருப்பவர் முதலில் அடிப்படை வகுப்புக்குப் போவது நல்லது. இங்கே இரண்டாம் வாரமே பின்தங்கிவிடுவார்.

வகுப்பின் உயிர் பேச்சுப் பயிற்சிதான், அதிலும் படகுக்காரருக்கான பாடம். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் தேசியப் பூங்காவான புறாத்தீவுக்குப் போகிறவர் வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டுக்கு வேறாகவும் படகு வாடகைக்கு வேறாகவும் காசு கட்ட வேண்டும். கரையில் படகு விலையை மட்டும் சொல்லிக் கூட்டிப்போனால், சீட்டு எடுக்கிற இடத்தில் வந்தவரின் முகம் மாறும், இரவே ஒற்றை நட்சத்திர விமர்சனம் விழும். அதனால் விலையோடு சேர்த்தே சொல்ல மூன்று வசனம் பழக்குகிறார்கள்: 'த ப்ரைஸ் இஸ் ஃபோர் த போட், நொட் பேர் பேர்சன்.' 'த பார்க் டிக்கெட் இஸ் செப்பரேட்.' 'யூ பே ஃபோர் இற் அற் த டிக்கெட் ஒஃபிஸ்.' நிறுத்தாமல், அவசரப்படாமல் வரும்வரை சோடி சோடியாகச் சொல்ல வைக்கிறார்கள். பவளப்பாறையில் ஏறி நிற்க வேண்டாம் என்பதையும் காரணத்தோடு சொல்லப் பழக்குகிறார்கள். காரணம் சொன்னால் வந்தவர்கள் கேட்பார்கள். வெறுமனே 'நோ, நோ' என்று கத்தினால் கோபம்தான் வரும்.

எண்களுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியது சரியான முடிவு. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டையும் நம்மவர்கள் ஒரே மாதிரி உச்சரிப்பதால் பேரம் குழம்புகிறது. முதலாவதில் அழுத்தம் கடைசி அசையிலும் இரண்டாவதில் முதல் அசையிலும் விழ வேண்டும். அப்படியும் சந்தேகம் என்றால் 'வன் ஃபைவ்' என்று பிரித்துச் சொல்லி, கல்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்கிறார்கள். கரையில் அதுதான் பாதுகாப்பு.

மரியாதைப் பாடமும் நல்லது. 'இருங்கோ', 'தாங்கோ' என்று வினையின் முடிவிலேயே நமக்கு மரியாதை வந்துவிடுகிறது. அதே நினைப்பில் 'கிவ் பாஸ்போர்ட்' என்றால் கட்டளையாகக் கேட்கும். 'குட் ஐ சீ யோர் பாஸ்போர்ட், ப்ளீஸ்?' என்பதை வாய் தானாகச் சொல்லும்வரை விடுவதில்லை. முறைப்பாட்டைக் கையாளவும் ஒரு ஒழுங்கு தருகிறார்கள்: முழுவதும் கேள், திருப்பிச் சொல்லி உறுதிசெய், மன்னிப்புக் கேள், என்ன செய்வாய், எத்தனை நிமிடத்தில் என்று சொல். ஏசி வேலை செய்யவில்லை என்று வந்தவரிடம் 'நோ ப்ரொப்ளம்' என்று சிரிக்கிற பழக்கத்தை முதல் நாளே நிறுத்துகிறார்கள். அவருக்கு அது பிரச்சினைதானே.

வழிகாட்டிகளுக்கு இறந்தகாலச் செயப்பாட்டுவினை இல்லாமல் கோணேசர் கோயிலை விளக்க முடியாது. 1622இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது, அதன் கற்களைக் கொண்டு 1624இல் கோட்டை கட்டப்பட்டது, 1803இல் அந்தக் கோட்டைக்கு ஆங்கிலேயரால் பிரெட்ரிக் என்று பெயரிடப்பட்டது: எல்லாமே அந்த வடிவம். ஆண்டை 'சிக்ஸ்டீன் ட்வென்ரி டூ' என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லவும் பழக்குகிறார்கள்.

குறைகள் இனி. கேட்டல் பயிற்சிக்குப் போடும் ஒலிப்பதிவுகள் எல்லாம் இங்கிலாந்துக் குரல்கள். நிலாவெளிக்கு வருகிறவர்களில் பிரெஞ்சுக்காரர், ஜேர்மனியர், இத்தாலியர் இருக்கிறார்கள். அவர்கள் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டுப் பழகாமல் வரவேற்பு மேசையில் இருக்க முடியாது. யூரியூபில் அந்த நாட்டுப் பயணிகள் ஆங்கிலத்தில் பேசும் காணொளிகளை எடுத்துப் போடக்கூடாதா?

எழுத்துப் பாடம் அதைவிட மோசம். வணிகத் தொடர்பாடல் என்ற பெயரில் 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' (ஆவன செய்க), 'வீ வில் ரிவேர்ட்' (பதில் தருவோம்) போன்ற பழைய கந்தோர் வசனங்களை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஐரோப்பியருக்கு இவை சரியாக விளங்காது. அறை விசாரித்து வரும் மின்னஞ்சலுக்கு ஐந்து வரி போதும்: அந்த நாளில் அறை இருக்கிறதா, மொத்த விலை, அதற்குள் என்னென்ன அடக்கம், எப்போது வரை வைத்திருப்போம், ரத்துசெய்தால் காசு எவ்வளவு திரும்பும். 'ஹாஃப் போர்ட்' என்றால் காலை உணவும் இரவு உணவும் என்று விரித்து எழுத வேண்டும். திகதியில் மாதத்தைச் சொல்லால் எழுத வேண்டும். 03/07 என்பதை அமெரிக்கர் மார்ச் 7 என்று வாசிப்பார், மற்றவர் ஜூலை 3 என்பார். இவ்வளவு முக்கியமான விஷயம் பாடத்திட்டத்திலேயே இல்லை. வட்ஸ்அப்பில் பதில் எழுதுவதும் இல்லை, இன்று பெரும்பாலான விசாரிப்பு அதில்தானே வருகிறது.

முடிவில் தரும் சான்றிதழை வழிகாட்டி அனுமதிப்பத்திரம் என்று நினைத்துச் சேர வேண்டாம். அதைத் தருவது இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை.

கிழக்கில் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. அந்த நேரத்துப் பிரிவில் சேர்ந்தால் சனி, ஞாயிறுதான் தொழிலும் கூட. பாதி வகுப்பு தவறும். மழைக்காலப் பிரிவு ஒக்டோபரில் தொடங்குகிறது, அதில் சேருங்கள். கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாம். முதல் தவணைக்கு முன் ஒரு வகுப்பில் இருந்து பார்க்க விடுகிறார்கள். அன்று நீங்கள் எத்தனை நிமிடம் பேசினீர்கள், பிழையை யாராவது திருத்தினார்களா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.