அஷிகாகாவா, ஹிதாச்சியா? ஏப்ரல் கடைசியில் எந்தத் தோட்டம்?

சகுரா என்ற செர்ரிப் பூ உதிர்ந்த பிறகு ஜப்பான் போகிறவர்களைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், டோக்கியோவைச் சுற்றிப் பூ பார்க்க ஏப்ரல் கடைசி வாரம்தான் நல்ல சமயம். அப்போது இரண்டு தோட்டங்கள் போட்டிக்கு நிற்கும். தோச்சிகி மாகாணத்தில் அஷிகாகா ஃபிளவர் பார்க், இபராகி மாகாணத்துக் கடற்கரையில் ஹிதாச்சி சீசைட் பார்க். முதலாவதில் பந்தலிலிருந்து சரம் சரமாகத் தொங்கும் விஸ்டீரியா, இரண்டாவதில் ஒரு குன்றையே மூடிக்கிடக்கும் நீல நெமோஃபிலா. கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் எங்கே போவது?

படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். படத்தில் இரண்டுமே அழகுதான். விமான டிக்கெட்டை நாம் மாதக்கணக்கில் முன்னால் எடுத்துவிடுகிறோம். பூவோ அந்த வருடத்து வெயிலையும் குளிரையும் பார்த்துத்தான் மலரும். நம் தேதி ஒரு வாரம் முன்பின்னாகிப் போனால் எந்தத் தோட்டம் கைவிடாது? நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அங்கே அஷிகாகா முந்திக்கொள்கிறது. 350-க்கும் மேற்பட்ட விஸ்டீரியா கொடிகள் இருந்தாலும் எல்லாம் ஒரே சமயத்தில் பூப்பதில்லை. முதலில் இளஞ்சிவப்பு, பிறகு ஊதா, அப்புறம் வெள்ளை, கடைசியில் மஞ்சள் என்று ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை ஓடும். (அந்த மஞ்சள், விஸ்டீரியாவே இல்லை. லாபர்னம் என்ற வேறு மரம். பார்க்க ஒன்றுபோல் இருப்பதால் யாரும் சண்டைக்குப் போவதில்லை.) ஊதாவைத் தவறவிட்டாலும் 80 மீட்டர் நீள வெள்ளைப் பூச்சுரங்கம் கிடைக்கலாம்.

தோட்டத்தின் நாயகி, 160 வயதைத் தாண்டிய ஊதாக் கொடி. அதன் பந்தல் மட்டும் 1,000 சதுர மீட்டர், நம் கணக்கில் 25 சென்ட் நிலம். இது இங்கேயே முளைத்ததல்ல. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி வேறொரு பண்ணையில் இருந்தது. இவ்வளவு பெரிய கொடியைப் பெயர்த்து நட்டால் பிழைக்காது என்று பலர் கைவிரித்தார்கள். ஜப்பானின் முதல் பெண் மர மருத்துவரான கொனாமி சுகாமோதோ ஒப்புக்கொண்டார். இரண்டு வருடம் வேரைப் பக்குவப்படுத்தி, மென்மையான தண்டு நசுங்காமலிருக்க மனிதர்களுக்குப் போடும் மாவுக்கட்டையே அதற்கும் போட்டு, 1996-இல் கொண்டுவந்து சேர்த்தார்கள். இந்தக் கதை தெரிந்து பந்தலுக்கடியில் போய் நின்றால் பார்வை பூவை விட்டுத் தண்டுக்குத்தான் போகும்.

ஹிதாச்சிக்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த இடம் அமெரிக்க ராணுவம் குண்டு வீசிப் பழகிய மைதானம். 1973-இல் ஜப்பானிடம் திரும்பி வந்து, 1991-இல் பூங்காவாகத் திறந்தது. இப்போது மிஹராஷிக் குன்றில் மட்டும் 50 லட்சத்துக்கு மேற்பட்ட நெமோஃபிலாச் செடிகள். மேலே வானம், கீழே பூ, ஓரத்தில் பசிபிக் கடல், எல்லாம் நீலம். வெயில் அடித்தால் அதற்கு ஈடே இல்லை. ஆனால் மேகம் மூடினால் பாதி அழகு போய்விடும். நெமோஃபிலா ஒரு பருவச் செடி, குன்று முழுக்க ஒரே பூ. அது முடிந்தால் அங்கே காட்சியும் முடிந்தது. பூங்காவில் டியூலிப்பும் உண்டுதான், ஆனால் அதற்காக யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை.

காசு விஷயத்தில் ஹிதாச்சி நேர்மையான அரசுப் பூங்கா. பூக்காலத்துக் கூடுதல் கட்டணத்தோடு சேர்த்தே 1,000 யென்னுக்குள் அடங்கும். அஷிகாகாவில் பூ எவ்வளவு மலர்ந்திருக்கிறதோ அதற்கேற்பக் கட்டணம் ஏறும், உச்சத்தில் 2,000 யென்னையும் தாண்டும். முதலில் கொள்ளையாகத் தோன்றும். ஆனால் பூ நிலவரம் தெரிய இதைவிட நம்பகமான அளவுகோல் கிடையாது. விலை குறைவாக இருக்கும் நாளில் பூவும் குறைவு.

போய்ச் சேருவதிலும் அஷிகாகாவே எளிது. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் புல்லட் ரயிலில் ஒயாமா, அங்கிருந்து ரியோமோ லைன் ரயில். 2018-இல் தோட்டத்தின் பெயரிலேயே ஸ்டேஷன் வந்துவிட்டது, இறங்கி ஐந்து நிமிடம்கூட நடக்க வேண்டாம். ஹிதாச்சிக்கு ஜோபான் லைன் எக்ஸ்பிரஸில் கத்சுதா வரை போய், அங்கிருந்து பஸ். சாதாரண நாளில் கால் மணி நேரம். ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான கோல்டன் வீக் என்ற விடுமுறை வாரத்தில் அந்தச் சாலையை நம்பி ரயில் நேரம் குறிக்காதீர்கள்.

அந்த வாரம் இரண்டு இடத்திலும் கூட்டம் நெரியும். ஹிதாச்சிக்கு வார நாளில், கதவு திறக்கும்போதே போய்விடுவது நல்லது. அஷிகாகாவுக்கு நான் சொல்வது பிற்பகல் மூன்றரை மணி. வெளிச்சத்தில் ஒரு சுற்று, இருட்டி விளக்கு போட்டதும் இன்னொரு சுற்று. பூவின் வாசமும் இங்கேதான், நெமோஃபிலாவில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

குழந்தைகள் கூட வந்தால் மட்டும் என் தீர்ப்பு மாறும். பந்தலுக்கடியில் "தொடாதே, ஓடாதே" என்று அதட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஹிதாச்சியில் திறந்திருக்கும் பகுதியே ஏறக்குறைய 500 ஏக்கர். வாடகை சைக்கிள், சுற்றிவரக் குட்டி ரயில், ராட்டினம், நீல நிறத்தில் ஐஸ்கிரீம் எல்லாம் உண்டு. நிழல் மட்டும் கிடையாது, கடற்காற்றும் பலமாக வீசும். தொப்பியைக் கயிறு கட்டிப் போட்டுவிடுங்கள்.