முழு மயக்கமா, முதுகில் ஊசியா?

கொழும்பில் ஒபரேஷனுக்குத் திகதி கிடைத்தவர்கள் மயக்க மருந்து டொக்டரிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "முழுசா மயக்குவீங்களா, முதுகில ஊசியா?" வெள்ளவத்தையிலிருந்து வரும் மாமிமாரிடம் தீர்ப்பும் ஆயத்தமாக இருக்கும். முழு மயக்கம் என்றால் எழும்பாமலே போய்விடலாம். முதுகில் ஊசி என்றால் வாழ்நாள் முழுக்க நாரி நோகும். மயக்க மருந்துத் துறையில் வேலை செய்கிற எங்களுக்கும் இரண்டிலும் பயம் உண்டு. ஆனால் அது வேறு பயம்.

முதலில் முதுகு ஊசி. நாங்கள் ஸ்பைனல் என்போம். நாரியில் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையால் மெல்லிய ஊசியை விட்டு, உள்ளே இருக்கும் திரவத்தில் புப்பிவகேன் என்ற மருந்து இரண்டு, மூன்று மில்லிலீற்றர் செலுத்துகிறோம். உடம்பின் கீழ்ப்பாதி விறைத்துவிடும். முண்ணாண், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு, பெரியவர்களுக்கு நாரியின் முதலாம், இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்தோடு முடிந்துவிடும். ஊசி அதற்குக் கீழே போகிறது. அதனால் கால் வழங்காமல் போய்விடுமோ என்று அஞ்சுவதற்குக் காரணம் மிகக் குறைவு. குத்திய இடம் சில நாள் நோகலாம். பிள்ளை பெற்ற பிறகு வரும் நாரிநோவுக்கெல்லாம் ஊசியைக் குற்றம் சொல்வது நம்மவர் வழக்கம். ஊசியே போடாமல் பெற்றவர்களுக்கும் அது வருகிறது.

நாங்கள் கண் எடுக்காமல் பார்ப்பது பிரஷரை. விறைப்பு ஏறும்போது கீழ்ப்பாதி இரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் சட்டென்று விழும். சிசேரியன் மேசையில் தாய் "டொக்டர், சத்தி வருது" என்றால், பெரும்பாலும் அது வயிற்றுக் கோளாறில்லை, பிரஷர் இறங்குகிறது என்ற செய்தி. மருந்து ஏற்றிய சிரிஞ்ச் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். இன்னொன்று தலைவலி. இப்போதைய மெல்லிய ஊசிகளில் நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வரும்; எழும்பி இருந்தால் கூடும், படுத்தால் குறையும். அப்படி வந்தால் வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காமல் வந்து சொல்லுங்கள், வைத்தியம் இருக்கிறது.

முழு மயக்கத்தில் ஆபத்து மருந்திலேயே இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பால் நிறத்துப் புரபோஃபோல் நரம்பில் ஏறினால் ஒரு நிமிடத்துக்குள் நித்திரை. அது சுலபமான பகுதி. அடுத்த சில நிமிடங்கள்தான் எங்களுக்குப் பதற்றமானவை: மூச்சு நின்றிருக்கும், தொண்டைக்குள் குழாய் போக வேண்டும். இங்கேதான் வெற்றிலை பாக்கு குறுக்கே வருகிறது. வருடக்கணக்காகப் பாக்குச் சப்புகிறவர்களில் சிலருக்கு வாயின் உட்சதை இறுகி, இரண்டு விரல் அளவுக்குக்கூட வாய் திறவாது. கிளினிக்கில் "வாயைத் திறவுங்கோ" என்று கேட்பது அதைப் பார்க்கத்தான். ஆடுகிற பல், கட்டுப்பல் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

நடுவில் விழித்துக்கொண்டால் என்ன என்றும் கேட்கிறார்கள். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்று 2014இல் வெளியானது. முழு மயக்கம் பெற்றவர்களில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர் அப்படி முறைப்பாடு செய்திருந்தார். முழு மயக்கத்தில் செய்த சிசேரியனில் மட்டும் அது சுமார் 670க்கு ஒன்று. சிசேரியனுக்கு நாங்கள் ஸ்பைனலை விரும்புவதற்கு அது ஒரு காரணம். கர்ப்பிணியின் தொண்டை வீங்கியிருக்கும், வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போகக்கூடும் என்பவை அதைவிடப் பெரிய காரணங்கள். பிள்ளையின் முதல் அழுகையைத் தாய் கேட்கலாம் என்பது உபரி.

கமராவால் செய்யும் பித்தப்பை ஒபரேஷனுக்கு இந்த விவாதமே பெரும்பாலும் வராது: வயிற்றைக் காற்றால் ஊதுவதால் முழு மயக்கம்தான். கை முறிவுக்கு நரம்பை மட்டும் விறைக்க வைக்கும் மூன்றாவது வழியும் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக் குளோபிடோகிரெல் என்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை குடிப்பவருக்கு அதை ஐந்து முதல் ஏழு நாள் நிறுத்தாமல் ஸ்பைனல் போடமாட்டோம். முதுகுக்குள் இரத்தம் கசிந்து நரம்பை அமுக்கிவிடக்கூடும். அதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்களே, அது இன்னும் மோசம். இதய டொக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

சரி, இரண்டும் பொருந்துகிற ஆளுக்கு? தொடை எலும்பின் மேல்முனை முறிந்த 1,600 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2021இல் வந்தது. அறுபது நாளில் இறந்தவர்கள் அல்லது இன்னொருவரின் உதவியின்றி நடக்க முடியாமல் போனவர்கள் ஸ்பைனலில் 18.5 வீதம், முழு மயக்கத்தில் 18.0 வீதம். எங்களில் பலர் ஸ்பைனல் தெளிவாக வெல்லும் என்றே எதிர்பார்த்திருந்தோம்.

தனியார் ஆஸ்பத்திரி பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "ஊசிதானே போட்டது, மயக்க டொக்டருக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஸ்பைனல் சின்ன வேலை என்ற எண்ணம்தான் இந்த ஒப்பீட்டைக் குழப்புகிறது. ஊசி சில வேளை பிடிக்காது. அரிதாக விறைப்பு மேலே ஏறி மூச்சையே பாதிக்கும். அந்த நிமிடம் அதே டொக்டர் முழு மயக்கத்துக்கு மாற வேண்டும். அதனால் குழாய், ஒட்சிசன், மருந்துகள் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான் அடுக்கி வைக்கிறோம். ஊசி போடப் பழகுவது ஒப்பீட்டளவில் சீக்கிரம் வந்துவிடும். ஏதாவது பிழையாகப் போகும்போது என்ன செய்வது என்பதற்குத்தான் வருடங்கள் போகின்றன: ஐந்து வருட எம்பிபிஎஸ், ஒரு வருட உள்ளகப் பயிற்சி, அப்புறம் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் எம்டி, அதோடு வெளிநாட்டிலும் ஒரு காலம் வேலை செய்த பிறகுதான் விசேட நிபுணர் அந்தஸ்து. அரச ஆஸ்பத்திரியில் உங்கள் தலைமாட்டில் நிற்பவர் அவரது மேற்பார்வையில் வேலை செய்யும் மருத்துவ அதிகாரியாகவும் இருக்கலாம்.

பட்டினியும் அதே காரணத்தால்தான் இரண்டுக்கும் ஒன்று. சாப்பாடு ஆறு மணித்தியாலத்துக்கு முன் நிறுத்த வேண்டும். தண்ணீரோ பிளேன்டியோ இரண்டு மணித்தியாலம் வரை சரி. பால் தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கு. "ஊசிதானே" என்று விடியப்புறம் ஒரு கப் பால் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால், அவசரமில்லாத ஒபரேஷன் பிற்போடப்படும்.

எனக்கே நாளைக்கு ஹேர்னியா ஒபரேஷன், வெட்டிச் செய்வது என்றால் ஸ்பைனலைத்தான் கேட்பேன்: தொண்டை நோகாது, சத்தி குறைவு, முடிந்த கையோடு கதைக்கலாம். ஆனால் சிறுநீர் போகக் கஷ்டப்படும் வயதான ஆணுக்கு அதையே சொல்லமாட்டேன். விறைப்பு இறங்கும்வரை சிறுநீர் அடைத்துக்கொண்டு, கடைசியில் குழாய் போட வேண்டி வந்தால் அவர் என்னைத்தான் திட்டுவார்.