ஜாதகம் உண்மை, மாப்பிள்ளை வேறு: பழைய கிரிஸ்-கிராஃப்ட் படகின் பூர்வீகம் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

பழைய மோட்டார் படகு ஒன்றின் வரலாற்றை ஆராய்ந்து எழுதித் தருவதாக யாராவது சொல்லி உங்களிடம் முன்பணம் கேட்டிருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணத்தை அனுப்புங்கள். சென்ற ஆண்டு 950 டாலர் கொடுத்து, 34 பக்கங்களில் தோலட்டை போட்டு அழகாகக் கட்டப்பட்ட ஒரு பொய்யை நான் வாங்கினேன். அந்தப் பொய்யை நம்பி 18,500 டாலருக்கு ஒரு படகையும் வாங்கினேன். படகு மிதக்கிறது, ஓடுகிறது, பார்க்கவும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எந்தப் படகு என்று சொல்லி எனக்கு விற்கப்பட்டதோ, அந்தப் படகு இல்லை.

நான் மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு வடக்கே வசிக்கிறேன். வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால், ஹ்யூரான் ஏரியின் நீரை செயின்ட் கிளேர் ஏரிக்குக் கொண்டுசெல்லும் செயின்ட் கிளேர் ஆற்றங்கரையில் அல்கோனாக் என்ற சிற்றூர் இருக்கிறது. கிறிஸ்டோபர் கொலம்பஸ் ஸ்மித் என்ற படகுத் தச்சர் தம் பிள்ளைகளோடு சேர்ந்து 1922-இல் தொடங்கி, பின்னர் கிரிஸ்-கிராஃப்ட் என்று உலகம் முழுவதும் பெயர் பெற்ற நிறுவனம் அந்த ஊரில்தான் வளர்ந்தது. இந்தப் பக்கத்தில் மஹோகனிப் பலகையில் வார்னிஷ் மின்னும் எந்தப் பழைய படகைக் கண்டாலும், யார் கட்டியது என்று பாராமல் கிரிஸ்-கிராஃப்ட் என்றே சொல்லிவிடுவார்கள். அந்த ஆற்றங்கரையில் பல ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்த எனக்கு, அங்கே கட்டப்பட்ட ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை வந்ததில் வியப்பில்லை. ஏமாற்றுபவருக்கு அந்த ஆசையே போதுமானதாக இருந்தது.

விற்பவர் நியூயார்க் மாநிலத்தவர். ஸ்போர்ட்ஸ்மேன் என்ற கிரிஸ்-கிராஃப்ட் மாடல், 22 அடி நீளம், 1948-இல் கட்டியது, முதல் உரிமையாளர் டெட்ராய்ட் கார் நிறுவனம் ஒன்றின் உயர் அதிகாரி, படகு நின்ற இடம் குரோஸ் பாயிண்ட் என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார். குரோஸ் பாயிண்ட் என்பது செயின்ட் கிளேர் ஏரிக்கரையில் கார்த்தொழிலில் செல்வம் சேர்த்தவர்கள் மாளிகை கட்டிக்கொண்ட பகுதி. மிச்சிகன்காரர் ஒருவரைத் தூண்டிலில் பிடிக்க அதைவிட நல்ல இரை கிடையாது. படகுக்கு உரிமைப் பத்திரம் உண்டா என்று கேட்டபோது, நியூயார்க்கில் 1987-க்கு முந்தைய மாடல் படகுகளுக்கு அப்படிப் பத்திரம் தருவதில்லை என்றும் பதிவுச்சீட்டு மட்டுமே உண்டு என்றும் சொன்னார். அது முற்றிலும் உண்மை. பொய்யர்கள் எல்லாவற்றிலும் பொய் சொல்வதில்லை. சரிபார்க்கக்கூடிய இடங்களில் உண்மையைச் சொல்லி, அதன் பலத்தில் மற்றதைக் கடத்திவிடுகிறார்கள்.

வரலாற்றுக்கு ஆதாரம் வேண்டும் என்று நான் வற்புறுத்தியதும், இத்தகைய படகுகளின் பூர்வீகத்தை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் தொலைபேசி எண்ணைத் தந்தவரும் அந்த விற்பனையாளரே. பெண்ணைப் பற்றி விசாரிக்கப் பெண் வீட்டாரே ஆள் காட்டினால் நம்மில் யாரும் ஏற்கமாட்டோம். படகு விஷயத்தில் நான் ஏற்றேன். இருவரும் கூட்டுச் சேர்ந்து செய்தார்கள் என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆகவே அப்படிச் சொல்லவும் மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஆறு வாரத்தில் ஆய்வறிக்கை வந்தது. தொழிற்சாலைப் பதிவேட்டின் தட்டச்சு செய்த நகல், முதல் உரிமையாளராகச் சொல்லப்பட்டவரின் பெயர் வரும் 1950-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பக்கம், பழைய நகர விலாசப் புத்தகத்தின் ஒரு பக்கம், குரோஸ் பாயிண்ட் படகுத்துறையின் மங்கலான புகைப்படம், இவற்றோடு கடைசியில் கையெழுத்தும் முத்திரையும் இட்ட ஒரு சான்றிதழ். அந்த மனிதர் உண்மையில் வாழ்ந்தவர்தான். அந்த விலாசமும் உண்மைதான். அவருக்கும் இந்தப் படகுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் ஒரு தாளும் அந்த 34 பக்கங்களில் இல்லை என்பதை, படகு என் வீட்டு வாசலுக்கு வந்து நான்கு மாதம் கழித்து, அறிக்கையை மூன்றாம் முறை படித்தபோதுதான் கவனித்தேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் ஆற்றில் விடும் படகுக்கே அளக்காமல் போட்டிருக்கிறேன்.

மூன்றாம் முறை படிக்கத் தூண்டியவர் ஒரு முதிய படகுத் தச்சர். அடியில் சேர்ந்த ஈரத்தை உலர்த்துவதற்காகத் தரைப்பலகைகளையும் எஞ்சின் மூடிகளையும் கழற்றி வெயிலில் வைத்திருந்தேன். அவர் ஒரு மூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கள் படகின் எண் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மூடியின் அடிப்புறத்தைக் காட்டினார். அங்கே முத்திரையிட்டிருந்தது வேறு எண். அடுத்த மூடியிலும் அதே வேறு எண். இருக்கையின் அடியிலும் அப்படியே.

இந்த எண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் எல்லாப் படகுகளுக்கும் ஒரே முறையில் 12 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட அடையாள எண் கட்டாயமானது 1972 நவம்பருக்குப் பிறகுதான். அதற்கு முந்தைய படகுகளுக்குக் கட்டியவர் இட்ட எண்தான் அடையாளம். அதை ஹல் எண் என்பார்கள். என் வகைப் படகுக்கு அது யு-22 என்று தொடங்கும்: 22 என்பது அடி நீளம். படகுடலின் சட்டத்தில் அந்த எண்ணைக் குத்துவதோடு, மூடிகள், தரைப்பலகைகள், இருக்கைகள் போன்ற கழற்றக்கூடிய மரப்பகுதிகளின் அடியிலும் அதைக் குறிப்பார்கள். ஒவ்வொரு மூடியும் ஒரு குறிப்பிட்ட படகுக்குக் கையால் இழைத்துப் பொருத்தப்பட்டது. வார்னிஷ் பூசிய பிறகு அது வேறொரு படகுக்குப் போய்விடக் கூடாதல்லவா? ஆகவே ஒரு கிரிஸ்-கிராஃப்ட் படகு தன் பெயரைத் தன் உடம்பில் பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறது. அவை எல்லாம் ஒன்றாக இருந்தால் மகிழ்ச்சி. என் படகிலோ சட்டத்தில் ஒன்று, மற்ற எல்லா இடத்திலும் மற்றொன்று.

இரண்டாவது விஷயம் ஹல் கார்டு. தொழிற்சாலையை விட்டு வெளியேறிய ஒவ்வொரு படகுக்கும் அந்த நிறுவனம் ஒரு அட்டை எழுதி வைத்தது. மாடல், எஞ்சின் வகை, எஞ்சின் எண், கூடுதலாகப் பொருத்திய சாமான்கள், அனுப்பிய தேதி, அனுப்பிய இடம் ஆகியவை அதில் இருக்கும். இந்த அட்டைகள் இப்போது வர்ஜீனியா மாநிலத்தில் நியூபோர்ட் நியூஸ் நகரிலுள்ள மரினர்ஸ் மியூசியத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. ஹல் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால் யாருக்கும் நகல் தருகிறார்கள். அந்தக் கட்டணம் நான் ஆய்வாளருக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இதை நான் முதலிலேயே செய்திருக்கலாம். அட்டையின் படம் எங்கே என்று ஆய்வாளரிடம் கேட்டபோது, பதிப்புரிமை காரணமாகத் தட்டச்சு நகல்தான் தர முடியும் என்றார், நானும் தலையாட்டினேன்.

மியூசியத்திலிருந்து சட்டத்தில் குத்தியிருந்த எண்ணின் அட்டை வந்தது. 1948 என்பது சரி. எஞ்சின் கே வகை, 95 குதிரைத்திறன் என்று இருந்தது, அறிக்கையிலும் அப்படியே. ஆனால் அனுப்பிய இடம் குரோஸ் பாயிண்ட் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் ஒரு படகு வியாபாரியின் கடை. அட்டையில் எந்தத் தனிமனிதரின் பெயரும் இல்லை. இந்த அட்டைகள் பொதுவாகப் படகு எந்த வியாபாரிக்குப் போனது என்பதைத்தான் சொல்கின்றன, வாங்கிய குடும்பம் எது என்பதை அல்ல என்று அந்தத் தச்சர் பிறகு எனக்கு விளக்கினார். ஆகவே, ஹல் கார்டிலிருந்தே முதல் உரிமையாளரின் பெயரைக் கண்டுபிடித்ததாக யாராவது சொன்னால், அட்டையின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் எண்ணும் பொருந்தவில்லை. படகில் இருப்பதும் கே வகைதான் என்றாலும் வேறு எண் கொண்டது. இதை மட்டும் வைத்து நான் யாரையும் குறை சொல்லமாட்டேன்; எழுபத்தைந்து ஆண்டு பழைய படகில் எஞ்சின் மாறியிருப்பது இயல்பு. அறிக்கை அதை "பிறந்தபோதே பொருத்திய எஞ்சின்" என்று எழுதியதுதான் குற்றம். எஞ்சினின் எண்ணைப் புகைப்படம் எடுத்து அனுப்பும்படி அவர் என்னிடமோ விற்பவரிடமோ கேட்டதே இல்லை. படகை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

பிறகு, எந்தப் பக்கமும் சாராத ஒரு படகு மதிப்பீட்டாளரைக் கூட்டிவந்தேன். எண் குத்தியிருந்த சட்டம் புதிய மரம் என்றார். பழைய சட்டத்தில் திருகு ஏறி இறங்கிய துளைகளும், எண்ணெய் ஊறிய கறுப்பும் இருக்க வேண்டும்; இதில் இரண்டும் இல்லை. இலக்கங்களின் வடிவம்கூட மூடிகளில் உள்ளவற்றோடு ஒத்துப்போகவில்லை. படகின் அடியையும் முழுவதும் மாற்றியிருந்தார்கள். பழைய முறையில் இரண்டு அடுக்குப் பலகைகளுக்கு நடுவே பசை தோய்த்த துணியை வைத்து அடியைக் கட்டுவார்கள்; இப்போது பலரும் செய்வதுபோல 3எம் 5200 என்ற ஒட்டுப்பசையை இட்டுக் கட்டியிருந்தார்கள். நீர் கசியாமல் இருக்க இது நல்லது, நானே சொல்லியிருந்தாலும் இப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பேன். ஆனால் அறிக்கை "அடிப்பலகை தொழிற்சாலையில் இட்டபடியே" என்கிறது.

சட்டம் உளுத்துப்போனால் மாற்றத்தான் வேண்டும். அப்போது நேர்மையான தச்சர் எண் குத்தியிருந்த பழைய துண்டை வெட்டி எடுத்துப் படகுக்காரரிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, புதிய மரத்தில் எண்ணைப் பதித்த தேதியையும் எழுதி வைப்பார். அந்தத் துண்டு எங்கே என்று விற்பவரிடம் கேட்டேன். பதில் வரவில்லை. அழிந்துபோன ஒரு படகின் எண்ணை மட்டும் காப்பாற்றி, அதைச் சுற்றி வேறு மரத்தில் படகு கட்டுவது இந்த உலகில் புதிதல்ல. குறிப்பாக 1939 முதல் 1942 வரை வந்த, பீப்பாய்போல் வளைந்த பின்புறம் கொண்ட படகுகளுக்கு விலை அதிகம் என்பதால், அவற்றின் எண்கள் மேல் கண் வைப்பவர்கள் உண்டு. என்னுடையது அவ்வளவு விலை பெறும் படகு அல்ல. அதற்கே இவ்வளவு.

இங்கேதான் நான் முதலில் புரிந்துகொள்ளத் தவறிய விஷயம் இருக்கிறது. அட்டை என்பது ஒரு எண்ணின் ஜாதகம். மியூசியம் தரும் ஜாதகம் உண்மையானது. அதை மணமேடையில் உட்கார்ந்திருப்பவரின் ஜாதகம் என்று சொல்வது மரத்தைப் பார்த்தவருக்கு மட்டுமே முடிந்த காரியம். மாநில அரசு தரும் பத்திரமும் இதற்கு உதவாது. மிச்சிகனில் எஞ்சின் நிலையாகப் பொருத்திய படகுக்கு உரிமைப் பத்திரம் கட்டாயம் என்பதால் எனக்கும் ஒன்று கிடைத்தது. ஆனால் நான் எழுதிக் கொடுத்த எண்ணைத்தான் அதில் அச்சிட்டிருக்கிறார்கள். என் பொய்ப்படகுக்கு இப்போது அரசு முத்திரையும் இருக்கிறது, நானே வாங்கிக் கொடுத்தது.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே, சட்டத்திலும் ஒவ்வொரு மூடியின் அடியிலும் எஞ்சினிலும் உள்ள எண்களைத் தனித்தனியாக, வெளிச்சம் போட்டு, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்பும்படி கேளுங்கள். மூடியைக் கழற்ற நேரமில்லை என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். அது நான்கு நிமிட வேலை. அட்டை நகலை விற்பவரிடமிருந்து பெறாமல் காப்பகத்திலிருந்து நேராக வரவழையுங்கள்.

ஆய்வாளருக்கு இவை அனைத்தையும் எழுதி, பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டேன். தட்டச்சில் நேர்ந்த சிறு பிழைக்கு வருந்துவதாகவும், புதிய தகவல்களைச் சேர்த்து இரண்டாம் தொகுதி எழுத 400 டாலர் ஆகும் என்றும் பதில் வந்தது. அதற்கு நான் பதில் எழுதவில்லை. மாநில நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன்.

மூடிகளில் உள்ள எண்ணுக்கும் மியூசியத்திலிருந்து அட்டை வரவழைத்தேன். போன வாரம் வந்தது. 1951-இல் அனுப்பிய வேறொரு ஸ்போர்ட்ஸ்மேன், அதுவும் 22 அடி, எஞ்சின் எம் வகை, 130 குதிரைத்திறன். அந்தப் படகின் உடல் எங்கே போனது, அதன் மூடிகள் எப்படி இங்கே வந்தன என்பது அட்டையில் இல்லை. அந்த எண் குத்திய சட்டத்தோடு யாரிடமாவது ஒரு படகு இருந்து, அதன் மூடிகளில் வேறு எண் தெரிந்தால், எனக்குச் சொல்லுங்கள். மூடிகளை மாற்றிக்கொள்ள நான் தயார்.