டெக்ஸாவா, பீட்டாவா? குறைமாதப் பிரசவத்துக்குப் போடும் ஊசி

ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டால், குழந்தையின் நுரையீரல் வளர்ச்சிக்கு என்று தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அரசு மருத்துவமனை என்றால் டெக்ஸாமெத்தசோன், சில தனியார் இடங்களில் பீட்டாமெத்தசோன். விலை குறைந்ததைப் போட்டு ஒப்பேற்றுகிறார்களோ என்று வீட்டில் உடனே ஒரு சந்தேகம் கிளம்பும்.

அப்படி இல்லை. இரண்டும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். மூலக்கூறில் 16-ஆவது கார்பனோடு ஒட்டியிருக்கும் மெத்தில் குழு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம், வீரியமும் ஒன்றுதான்.

பீட்டாவுக்குப் பழைய பெருமை உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் செம்மறி ஆடுகளை ஆராய்ந்துகொண்டிருந்த மருத்துவர் லிக்கின்ஸ், ஸ்டீராய்டு கொடுத்திருந்த, பிழைக்கவே வாய்ப்பில்லாத ஒரு குறைமாதக் குட்டி மூச்சு விடுவதைக் கவனித்தார். அப்புறம் குழந்தை மருத்துவர் ஹோவியுடன் சேர்ந்து கர்ப்பிணிகளிடம் பீட்டாவைச் சோதித்து 1972-இல் முடிவை வெளியிட, பணக்கார நாடுகள் பலவற்றில் அதுவே வழக்கமாகிவிட்டது. ஆனால் அங்கே போடுவது பீட்டாவின் பாஸ்பேட், அசிட்டேட் என்ற இரண்டு வடிவங்களும் கலந்த ஊசி, மெதுவாகக் கரையும் அசிட்டேட் இருப்பதால்தான் 24 மணி நேர இடைவெளியில் 12 மி.கி. வீதம் இரண்டே ஊசி போதும். இந்தியாவில் பரவலாகக் கிடைப்பது வெறும் பாஸ்பேட். பெயர் அதே, ஆள் வேறு!

டெக்ஸாவுக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 6 மி.கி., மொத்தம் நான்கு ஊசி. மில்லிக்கு 4 மி.கி. உள்ள குப்பியிலிருந்து சரியாக ஒன்றரை மில்லி எடுக்க வேண்டும், ராத்திரி இரண்டு மணி ஊசி தவறக்கூடாது. இதன் தொல்லை அவ்வளவுதான்.

நேருக்கு நேர் மோதவிட்டும் பார்த்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1,346 பெண்களிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், குழந்தைகளின் இரண்டு வயது நிலவரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 2,852 பெண்களிடம் நடத்திய ஆய்வில் (2020) டெக்ஸா போட்ட பக்கம் பச்சிளங்குழந்தை இறப்பு 19.6 சதவீதம், மருந்தில்லாத ஊசி போட்ட பக்கம் 23.5.

அதற்காகக் கண்ட இடத்தில் போடவும் கூடாது. 2015-இல் வெளியான ஆறு நாட்டு ஆய்வில், கர்ப்பம் எத்தனை வாரம் என்று கணிக்க ஸ்கேன் வசதி சரியில்லாத ஊர்களில் டெக்ஸாவைப் பரவலாக்கியபோது மொத்தத்தில் குழந்தை இறப்பு கூடியது, தாய்மாருக்குத் தொற்றும் கூடியது.

என் ஓட்டு டெக்ஸாவுக்கு. எதைப் போட்டாலும் சர்க்கரை உள்ள தாய்க்கு அளவு எகிறும், அதைச் சொல்லிவைத்துவிடுங்கள். வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால், முதல் ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்பது சீட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆம்புலன்ஸில் ஏறுங்கள்.