ஸ்காட்லாந்து மலைச்சாலையில் மிட்ஜ் கடி: காற்றா, மருந்தா, வலையா?

போன ஜூலையில் லாக் மரீ ஏரிக்கரைச் சாலையில் என் பின்சக்கரம் பஞ்சர். சாயங்காலம் ஏழரை மணி இருக்கும். மேகமூட்டம், இலைகூட அசையவில்லை. டியூபைக் கழற்றி ஓட்டையைத் தேடுவதற்குள் முழங்கைவரை மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள். எல்லாம் மிட்ஜ் என்னும் பொடிக் கடிப்பூச்சி. கூட வந்த தம்பி, "அண்ணே, பம்பைக் கொடுங்க, நான் அடிக்கிறேன்" என்றான். "பம்பு கிடக்கட்டும்டா, முதல்ல வலையை எடு" என்றேன். தலையில் மாட்டும் அந்த வலை, பையின் அடியில், மழைச்சட்டைக்கும் கீழே கிடந்தது. பத்து நிமிட வேலை முக்கால் மணி நேரம் இழுத்தது. மறுநாள் காலை எண்ணிப் பார்த்தேன்: இடது கையில் மட்டும் 62 தடிப்பு.

கிளாஸ்கோவுக்கு வந்த புதிதில், கொசுவைப் பார்க்காதவனா நான் என்றுதான் நினைத்தேன். மிட்ஜ் வேறு சாதி. சிறகு விரித்தாலும் ஒன்றரை மில்லிமீட்டர் வராது. கொசு ஊசி போட்டு உறிஞ்சும். இது தோலைக் கீறி, ஊறி வரும் ரத்தத்தைக் குடிக்கும். கடிப்பது பெண் பூச்சி மட்டும். ஒன்று இடம் கண்டுபிடித்தால் ஒரு வாசனையை விட்டு மற்றவற்றையும் கூப்பிடும். அதனால்தான் முதல் கடிக்கும் நூறாவது கடிக்கும் நடுவே அவ்வளவு குறைந்த இடைவெளி. ஒரே ஆறுதல், ஸ்காட்லாந்தில் இது மனிதருக்கு நோய் எதையும் பரப்புவதில்லை. அரிப்பு மட்டும்தான். ஆனால் அந்த அரிப்பு!

இனி என்னென்ன வழிகள் என்று பார்ப்போம். எல்லாவற்றையும் சைக்கிள்காரன் கண்ணோடுதான் பார்க்கிறேன். கூடாரம் போட்டு உட்காருபவர்களின் கணக்கு வேறு.

முதலில் காற்று, காசில்லாத மருந்து. மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் மிட்ஜால் பறக்க முடியாது. சமதளத்தில் 18, 20 என்று மிதித்தால் அந்தக் காற்றை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். ஓடும்போது கடியே இல்லை, வாயை மூடிக்கொண்டு கண்ணாடி மாட்டிக்கொண்டால் போதும். சிக்கல் ஏற்றத்தில். ஆப்பிள்கிராஸ் போகும் பியாலாக் நா பா கணவாய் கடல்மட்டத்தில் தொடங்கி 626 மீட்டர் ஏறுகிறது. மேலே செங்குத்தான இடங்களில் என் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர். பின்னாலிருந்தும் அதே வேகத்தில் காற்று தள்ளினால், என்னைச் சுற்றிக் காற்றே இல்லை என்று அர்த்தம். மூச்சு வாங்குகிறது, வேர்வை கொட்டுகிறது. இந்தப் பூச்சி தேடி வருவதே மூச்சுக்காற்றையும் வேர்வை வாடையையும்தான். வேறு நாட்களில் எதிர்க்காற்றைத் திட்டுவேன். அங்கே அதற்காக ஏங்கினேன்.

அடுத்தது பூச்சியை விரட்டப் பூசும் மருந்து. இதில் டீட், பிகாரிடின் என்ற இரண்டில் எது என்பதுதான் கடைக்குப் போகும் எல்லோரும் கேட்கும் கேள்வி. டீட் பழைய ஆள், 1940களில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. விரட்டும் திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், சைக்கிள் உடைகளில் இருக்கும் ஸ்பான்டெக்ஸ் துணியையும் கெடுக்கும். ஒருமுறை டீட் பூசிய கையோடு கைப்பிடியில் இருந்த சின்ன வேகக் கணினியின் பொத்தானை அழுத்தினேன். சாயங்காலம் துடைத்துப் பார்த்தால் அதன் பிளாஸ்டிக் திரையில் என் கட்டைவிரல் ரேகை, பத்திரப் பதிவு ஆபீசில் வைத்ததுபோல் சுழி சுழியாகப் பதிந்திருந்தது. இன்றும் அழியவில்லை. கண்ணாடி, ஹெல்மெட், கைப்பிடி நாடா, கால்சட்டை என்று சைக்கிள்காரன் தொடுவதெல்லாம் பிளாஸ்டிக்கும் செயற்கை இழையும்தான். டீட் எனக்கு அதோடு முடிந்தது.

பிகாரிடின் பிளாஸ்டிக்கைக் கரைக்காது. வாடை கிட்டத்தட்ட இல்லை, பிசுபிசுப்பும் குறைவு. இங்கே பலரும் வாங்கும் ஸ்மிட்ஜ் என்ற மருந்தில் இருப்பது 20 சதவீதப் பிகாரிடின்தான். பல மணி நேரம் தாங்கும் என்று புட்டியில் போட்டிருப்பது உட்கார்ந்திருப்பவனுக்கு. ஏற்றத்தில் வேர்வையோடு வழிந்துவிடும். நான் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, முக்கியமாக நிற்பதற்குச் சற்று முன்னால் பூசிக்கொள்கிறேன். சன்ஸ்க்ரீனும் போடுவதாக இருந்தால் அது முதலில், காய்ந்தபின் இது. நெற்றியில் பூசாதீர்கள், வேர்வையோடு கண்ணுக்குள் இறங்கினால் வண்டியை நிறுத்தத்தான் வேண்டும்.

செடியிலிருந்து வந்ததுதான் வேண்டும் என்பவர்களுக்கு எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெயிலிருந்து எடுக்கும் பிஎம்டி என்ற மருந்து இருக்கிறது. உண்மையாகவே வேலை செய்யும், ஆனால் வாடை தூக்கும், திரும்பத் திரும்பப் பூச வேண்டும். மலையேறிகள் பலர் சத்தியம் செய்யும் இன்னொன்று ஏவான் கம்பெனியின் ஸ்கின் ஸோ ஸாஃப்ட். அது உடம்புக்குப் பூசும் எண்ணெய். பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு சாகும் என்பார்கள். எந்த எண்ணெயானாலும் சரி, அதைப் பூசிய கையால் இறக்கத்தில் பிரேக் பிடிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. சிட்ரோனெல்லா மணிக்கட்டுப் பட்டை, கீச்சென்று ஒலியெழுப்பும் கருவி, பூண்டு தின்பது எல்லாவற்றையும் ஒரே வரியில் முடிக்கலாம்: காசுக்கும் வாய்க்கும்தான் கேடு.

தலைவலை பற்றி முன்பு சிரித்தவன் நான். தேனெடுக்கப் போகிறவன் மாதிரி இருக்கிறாய் என்று தம்பியைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது என்னைக் கேட்டால், நிற்கும் சைக்கிள்காரனுக்கு அதற்கு ஈடு இல்லை. சில பவுண்டுதான் விலை. வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். கொசுவலைக் கண்ணி இதற்குப் பெரிது, மிட்ஜ் உள்ளே வந்துவிடும். மிட்ஜுக்கென்றே பொடிக் கண்ணியில் விற்கிறார்கள். நிறம் கறுப்பாக இருக்கட்டும், அதன் வழியாகத்தான் வெளியே தெளிவாகத் தெரியும். ஹெல்மெட்டுக்கு மேல் போட்டால் முகத்தில் ஒட்டாது. மூக்கில் ஒட்டினால் வலைக்கு வெளியிலிருந்தே கடிக்கும். மிதிக்கும்போது மட்டும் வேண்டாம், மூச்சு முட்டும். வலை போட்டதை மறந்து தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்த அனுபவமும் எனக்கு உண்டு.

உடையில் வெளிர் நிறம், முழுக்கை. மிட்ஜின் வாய் குட்டை, சாதாரணத் துணியைத் துளைக்காது. ஆனால் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் உள்ளே ஊர்ந்துவிடும், அங்கே மருந்து பூசிவிடுங்கள்.

சரி, கடித்தாகிவிட்டது. அப்புறம்? இங்கே மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு கைகால் தடிப்புக்கு நல்லது. ஆனால் டாக்டர் சொல்லாமல் முகத்தில் தடவக்கூடாது என்று அதன் தாளிலேயே எழுதியிருக்கும். மிட்ஜ் கடிப்பதோ முக்கால்வாசி முகத்திலும் காதோரத்திலும்! அங்கே ஈரத்துணி ஒத்தடமும் மாத்திரையும்தான். நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த செட்ரிசின் போதும், பெரியவர்களுக்கு நாளைக்கு 10 மில்லிகிராம் ஒன்று. நான் ராத்திரியில்தான் போடுவேன், சிலருக்குத் தூக்கம் வரும். அவில் மாதிரியான பழைய மாத்திரை போட்டுவிட்டு மறுநாள் விடிகாலையில் இறக்கத்தில் இறங்குவது வம்பு. அம்மா அனுப்பிய தைலத்தையும் தடவிப் பார்த்தேன். முதல் இரண்டு நிமிடம் சொர்க்கம். சொறிந்து தோல் உரிந்த இடத்தில் பட்டதும் ஏரியில் குதிக்கலாமா என்றிருந்தது.

இதையெல்லாம் விடச் சிக்கனமான வழி, நாளையும் பாதையையும் மாற்றுவது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உச்சம். மே முதல் பாதியில் அதே சாலையில் அநேகமாக ஒன்றுகூட இருக்காது, மேற்குக்கரையில் மழையும் அப்போது குறைவு. கோடை விடுமுறையில்தான் முடியும் என்றால், ஈரமான பள்ளத்தாக்குகளை விட்டு, மேற்கே கடலுக்குள் இருக்கும் வெளித்தீவுகளுக்குப் போங்கள். வாட்டர்சேயிலிருந்து லூயிஸ் தீவின் வடமுனைவரை 297 கிலோமீட்டர் ஓடும் ஹெப்ரிடியன் வே பாதையில் பெரும்பாலும் காற்று ஓயாது. காற்று ஓய்ந்த சாயங்காலம் அங்கேயும் கடிக்கும், ஆனால் அப்படிப்பட்ட சாயங்காலம் குறைவு. கோடையில் மிட்ஜ் முன்னறிவிப்பும் வருகிறது, 1 முதல் 5 வரை. 4 என்று போட்டிருந்தால் நான் காலை பத்துக்குக் கிளம்பி ஆறுக்குள் கதவடைத்த அறைக்குள் போய்விடுவேன்.

இந்த வருடம் சீட்டுக்கு அடியில் தொங்கும் பையை மாற்றி அடுக்கியிருக்கிறேன். ஜிப்பைத் திறந்ததும் கைக்கு வருவது வலை. அதற்குக் கீழே பிகாரிடின் புட்டி. டியூபும் பஞ்சர் பசையும் அதற்கும் கீழே.