மதுரைக் கடைத் தளங்களுக்கு இலவச மெயில் சேவை: எது தேறும், எது கவிழ்க்கும்?

சுங்குடிப் புடவைக் கடை, டவுன்ஹால் ரோடு லாட்ஜ், அப்பளக் கம்பெனி என்று மதுரையில் சொந்தத் தளம் நடத்துகிறவர்கள் பலர் தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸும், அதில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸும்தான் வைத்திருக்கிறார்கள். ஆர்டர் விழும், பணமும் ஏறிவிடும், வாடிக்கையாளருக்கு மெயில் மட்டும் போகாது. வேர்ட்பிரஸ் தன் பாட்டுக்கு தளம் குடியிருக்கும் ஹோஸ்டிங் சர்வரின் சாதாரண மெயில் வசதியான பிஎச்பி மெயில் வழியாக அனுப்புவதுதான் காரணம். மலிவு ஹோஸ்டிங்கில் ஒரே ஐபியில் (சர்வரின் இணைய எண் முகவரி) ஏகப்பட்ட தளங்கள் குடியிருக்கும். அதில் ஒருவர் ஸ்பாம் அனுப்பினால் எல்லோருக்கும் கெட்ட பேர். போதாக்குறைக்கு டிகிம் கையெழுத்தும் (மெயில் உங்கள் டொமைன் பெயரில்தான் வந்தது என்று காட்டும் மின்முத்திரை) இருக்காது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் பிடியை இறுக்கிவிட்டன. யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் எந்தச் சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். நாளைக்கு 5,000-க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு அந்த இரண்டோடு டிமார்க்கும் (அவை தோற்றால் மெயிலை என்ன செய்வது என்ற கொள்கை) கட்டாயம்.

எனவே வெளிச் சேவை ஒன்று தேவை. மாதத்துக்கு இத்தனை மெயில் என்று விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் எண்ணில் மயங்க வேண்டாம். கடையைக் கவிழ்ப்பது நாள் வரம்பு. வூகாமர்ஸில் ஒரு ஆர்டருக்குக் குறைந்தது 3 மெயில்: கடைக்காரருக்கு ‘புதிய ஆர்டர்’, வாடிக்கையாளருக்கு ‘ஆர்டர் கிடைத்தது’, பார்சல் அனுப்பியபின் ‘முடிந்தது’. புதுக் கணக்கு, பாஸ்வேர்டு மாற்றம் எல்லாம் தனி. கணக்குப்பிள்ளைக்கு ஒரு பிசிசி (மறைவு நகல்) போட்டால் பெரும்பாலான சேவைகள் அதையும் இன்னொரு மெயிலாகவே எண்ணும். நாளைக்கு 100 என்றால் 33 ஆர்டரோடு கதை முடிந்தது. சாதாரண நாளில் 15 ஆர்டர் பார்க்கிற புடவைக் கடைக்கு இது தாராளம். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் 60 வந்தால் மதியத்துக்குள் குழாய் மூடிவிடும். சித்திரைத் திருவிழா முன்பதிவு திறக்கும் நாளில் லாட்ஜ்காரர்களுக்கும் இதே கதிதான். ஆண்டின் உச்ச நாளை எடுத்து, ஆர்டரை மூன்றரையால் பெருக்கிக்கொண்டு சேவையைத் தேடுங்கள்.

பிரெவோ (பழைய பெயர் செண்டின்ப்ளூ) நாளைக்கு 300 தருகிறது. நிரந்தர இலவசத்தில் சின்னக் கடைக்கு இதுதான் முதல் தேர்வு. ஆனால் அந்த 300-க்குள்தான் ஆஃபர் மெயிலும் அடக்கம். காலையில் ‘ஆடித் தள்ளுபடி’ என்று 280 பேருக்குத் தட்டிவிட்டால் அன்றைய ஆர்டர் மெயிலுக்கு மிச்சம் 20. அமைக்கும்போது சிக்குகிற இடங்கள் மூன்று. எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் வழக்கமான வழி) கீ வேறு, ஏபிஐ (நிரல் வழி நேரடி இணைப்பு) கீ வேறு. லாகின் பாஸ்வேர்டு இரண்டுக்குமே ஆகாது. கணக்குத் திறந்ததும் எஸ்எம்டிபி வேலை செய்யாமல் ‘ஆக்டிவேட் ஆகவில்லை’ என்று பிழை வரலாம். அப்போது ஆதரவுக் குழுவுக்கு எழுதி, தளம் என்ன தொழில் செய்கிறது என்று சொல்லித் திறந்துகொள்ள வேண்டும். அனுமதித்த ஐபி என்ற பாதுகாப்பு அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், ஹோஸ்டிங்காரர் சர்வரை மாற்றிய அன்று மெயில் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

ரீசெண்ட் மாதம் 3,000 என்கிறது. நாள் வரம்பு 100, டொமைன் ஒன்று. ஆவணமும் ஏபிஐயும் படு சுத்தம். தளத்தைத் தானே கோடு எழுதிக் கட்டுகிற டெவலப்பருக்குப் பிடிக்கும். கடைக்காரருக்கு 100 போதாது. மெயில்ஜெட்டில் மாதம் 6,000, நாளைக்கு 200. எஸ்எம்டிபி2கோவில் மாதம் 1,000. போஸ்ட்மார்க் மாதம் 100 தருவது பரிசோதனைக்குத்தான். மெயில்கன் நாளைக்கு 100. செண்ட்கிரிட்டைப் பரிந்துரைக்கும் பழைய வழிகாட்டிகள் இன்னும் சுற்றுகின்றன. அதன் நிரந்தர இலவசத் திட்டம் 2025-இலேயே போய்விட்டது, இப்போது 60 நாள் சோதனை மட்டும்.

நம்மூர்க் கடைகள் தவறவிடக் கூடாதது ஸோஹோவின் ஜெப்டோமெயில். முதல் 10,000 மெயில் இலவசம். பிறகு 10,000-க்கு ஒரு கிரெடிட் வாங்க வேண்டும், அது 6 மாதம் செல்லும். இலவசத்துக்கும் இதே கெடு என்பதால், மாதம் 1,000 மெயில் போகிற கடைக்கு இலவசத்திலேயே அரை ஆண்டு ஓடும். ஆர்டர், ஓடிபி, ரசீது மட்டும்தான் அனுப்பலாம். ஆஃபர் மெயிலை இதில் விட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள். இந்தக் கெடுபிடி நமக்கு நல்லதுதான், ஏனென்றால் ஐபியின் பெயர் கெடாது. இந்தியக் கணக்கு என்றால் சர்வர் முகவரி ‘டாட் இன்’ என்று முடிய வேண்டும். மெயில் ப்ளகினில் (வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) பழக்கதோஷத்தில் ‘டாட் காம்’ போட்டுவிட்டு, பாஸ்வேர்டு தப்பு என்று மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு. அமேசான் எஸ்இஎஸ் 1,000 மெயிலுக்கு 10 அமெரிக்க சென்ட். மும்பையிலேயே மையம் உண்டு. மலிவுதான், ஆனால் சாண்ட்பாக்ஸ் என்ற சோதனை நிலையிலிருந்து வெளியே வரும்வரை 24 மணி நேரத்துக்கு 200 மெயில், அதுவும் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். வாடிக்கையாளருக்குப் போகவே போகாது.

எதை எடுத்தாலும் அனுப்புநர் முகவரி சொந்த டொமைனில் இருக்க வேண்டும். கடைப்பெயரில் வைத்திருக்கும் ஜிமெயில் முகவரியை அந்த இடத்தில் போட்டால் டிமார்க் தோற்கும். பிரெவோ அந்த முகவரியைத் தன் டொமைன் முகவரியாக மாற்றியே அனுப்பும், வாங்கினவருக்கு அது யாரோ எவரோ. தொடர்புப் படிவத்திலும் இதே தவறு நடக்கிறது. விசாரிக்கிறவரின் முகவரியை ‘ஃப்ரம்’ இடத்தில் வைக்காமல் ‘ரிப்ளை-டு’வில் வையுங்கள்.

டிஎன்எஸ் (டொமைனின் பதிவு வரிகள்) வேலை பத்து நிமிடம்தான், கெடுத்துக்கொள்வதும் அங்கேதான். சேவை தரும் வரியின் பெயரை முழு டொமைனோடு ஒட்டினால், பல பேனல்கள் டொமைனைத் தாமாகவே இன்னொரு முறை சேர்த்துக்கொள்ளும். பெயர் இரட்டிப்பாகி சரிபார்ப்பு நடக்காது. டிஎன்எஸ்ஸைக் கிளவுட்ஃப்ளேரில் வைத்திருந்தால், டிகிம்முக்கான சிநேம் (வேறு பெயரைச் சுட்டும்) வரிக்கு ஆரஞ்சு மேகக் குறி இருக்கக் கூடாது, சாம்பலாக்குங்கள். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றே ஒன்றுதான். ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது இரண்டாவதைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. பழைய வரிக்குள்ளேயே புதுச் சேவையை நுழைக்க வேண்டும், அதைப் படிக்க நடக்கும் மொத்த டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டக் கூடாது. ஜெப்டோமெயிலும் ரீசெண்டும் பவுன்ஸுக்கு (சேராமல் திரும்பும் மெயில்) தனி துணை டொமைன் வைப்பதால் முதன்மை எஸ்பிஎஃப் வரியைத் தொடவே வேண்டாம். டிமார்க்கை ‘நன்’ (எதையும் தடுக்க வேண்டாம்) என்ற கொள்கையில் தொடங்கி, அறிக்கைகளைப் பார்த்த பிறகு கடுமையாக்கலாம்.

வேர்ட்பிரஸ்ஸில் ஃப்ளூயண்ட்எஸ்எம்டிபி ப்ளகின் போதும். இலவசம், மெயில் பதிவேடு உண்டு, தோற்றதை மறுபடி அனுப்பலாம். மாற்று இணைப்பு அமைக்கும் வசதியும் உண்டு: முதலில் பிரெவோ, அது மறுத்தால் ஜெப்டோமெயில். திருவிழாக் கூட்டத்தைச் செலவில்லாமல் சமாளிக்க இதைவிடச் சுலப வழி இல்லை. போர்ட் 587, இல்லையென்றால் 465. இரண்டையும் ஹோஸ்டிங்காரர் அடைத்திருந்தால், சேவையில் அந்த வசதி இருக்கும்பட்சத்தில் 2525. பதிவேட்டில் பாஸ்வேர்டு மாற்றும் லிங்க்கும் அப்படியே கிடக்கும் என்பதால் 7 நாளில் அழியும்படி வையுங்கள்.

சோதனை மெயிலை ஜிமெயிலுக்கு அனுப்பி, கணினியில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ அழுத்துங்கள். மேலே ஒரு கட்டம் வரும். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் நேராக ‘பாஸ்’ வேண்டும். டிகிம் வரியில் ‘பாஸ்’ இருந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் இருக்கும் டொமைன் உங்களுடையதா என்று பாருங்கள். சேவையின் டொமைன் நின்றால் சரிபார்ப்பு அரைகுறை என்று பொருள்.

மெயிலில் உள்ள லிங்க்கை யார் அழுத்தினார்கள் என்று சேவை கண்காணிக்கும் கிளிக் டிராக்கிங்கை அணைத்துவிடுங்கள். இருந்தால் சேவை லிங்க்கைத் தன் முகவரியால் சுற்றி அனுப்பும், வாடிக்கையாளர் கண்ணுக்கு மோசடி மெயில் போலத் தெரியும். கடைசியாக, பவுன்ஸ் பட்டியல். ஜிமெயிலை ‘ஜிமியால்’ என்று எழுத்து மாற்றித் தட்டுவது அன்றாடம் நடக்கும், அந்த முகவரியைத் திருத்தினால் மெயில் போகும். ஆனால் சரியான முகவரியே ஒருமுறை நிரந்தரமாகத் திரும்பியிருந்தால் சேவை அதைத் தடைப்பட்டியலில் போட்டுவிடும். கடையில் எத்தனை முறை ‘மறுபடி அனுப்பு’ அழுத்தினாலும் அசையாது. சேவையின் டாஷ்போர்டில் ‘சப்ரஷன்’ அல்லது ‘பிளாக்டு’ பகுதிக்குப் போய் அந்த முகவரியைக் கையால் நீக்கிவிட்டு அனுப்ப வேண்டும்.