பெங்களூர் டு பெலும் குகை ஒன் டே ட்ரிப்: கைடுக்காகவே போகலாம்

குகை நல்லாருக்கும்னு எல்லாருக்கும் தெரியும், நான் இந்த ட்ரிப்புக்கு காசு குடுக்கலாம்னு சொல்றது கூட வந்த கைடுக்காகத்தான். ஜியாலஜி படிச்சவங்க, சேலம் பக்கம், வேன்ல பாதிப்பேர் தமிழ்ங்கறதால தமிழ்லயே விளக்குனாங்க.

ஆந்திராவுல நந்தியால் மாவட்டம், சுத்தி தட்டையான வயக்காடு, மலை எங்கடான்னு தேடுனா தரையில கிணறு மாதிரி பள்ளம், அதுக்குள்ள படி இறங்குது. உள்ள கூட்டிட்டுப் போகாம அங்கயே நிக்க வச்சு, இந்த வாசலே ஒரு சிங்க்ஹோல்தான், அதாவது அடியில பொந்து விழுந்து தரை உள்வாங்குன குழின்னு ஆரம்பிச்சாங்க பாருங்க, அப்பவே குடுத்த காசு வசூல். பையில இருந்து ரெண்டு கல்லு எடுத்தாங்க, ஒண்ணு சுண்ணாம்புக்கல்லு, ஒண்ணு நம்ம பெங்களூர் பாறை. ரெண்டுலயும் டைல்யூட் ஆசிட் ஒரு சொட்டு. சுண்ணாம்புக்கல்லு புஸ்ஸுனு நுரைச்சுது, நம்ம ஊர் கல்லு அசையவே இல்ல.

குழி விழறதும் இப்படித்தானாம்: மழைத்தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்கற கார்பன் டை ஆக்சைட இழுத்துக்கிட்டு லேசான கார்பானிக் ஆசிட் ஆகுது, அது விரிசல்ல இறங்கி கல்லக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு கரைச்சு உள்ள பொந்து விழுது, மேல மண்ணு மட்டும் நிக்கும், அடியில தாங்க ஒண்ணும் இல்லாம ஒரு நாள் பொத்துனு உக்காந்துரும். கரையறதுக்கு ஆயிரக்கணக்கான வருஷம், விழறதுக்கு சில நிமிஷம். உப்புப் பாறைன்னா ஆசிட்டே வேண்டாம், நல்ல தண்ணி பட்டாலே போச்சு, சாக்கடல் கரையில 1980கள்ல இருந்து ஆயிரக்கணக்குல குழி விழறது அதனாலதான்.

ஒரு அண்ணன், நம்ம பெங்களூர் ரோட்டுல குழி விழுந்து லாரி உக்காந்துருச்சே அதுவும் இதுதானா மேடம்னு கேட்டாரு. இல்லண்ணா, லால்பாக்ல தெரியுதே அந்தப் பாறைதான் நம்ம ஊருக்கு அடியிலயும், சுமார் 300 கோடி வருஷம் பழசு, இப்படிக் கரையாது, அங்க பைப் லீக்காகி மண்ண அரிச்சிட்டுப் போயிருதுன்னாங்க. எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா பட்டுச்சு, சுண்ணாம்புக்கல் ஊர்ல பூமியோட வேல, நம்ம ஊர்ல பைப்ப ஒழுங்கா பாத்தா தடுக்கலாம்.

இன்னொண்ணு, பல்லாவரத்துல 1863ல கற்காலக் கோடாலி எடுத்த அதே பிரிட்டிஷ் ஜியாலஜிஸ்ட் ராபர்ட் புரூஸ் ஃபூட்தான் 1884ல இந்தக் குகையப் பத்தியும் பதிவு பண்ணவராம்.

குறைன்னா வேன் ஏசி சுமார், டிபனுக்கு நிறுத்த ரொம்ப லேட். உள்ள பாதாளகங்கைங்கற ஆழமான இடம் வரைக்கும் செம புழுக்கம், மூச்சுத் தொந்தரவு இருக்கற பெரியவங்கள கூட்டிட்டுப் போகாதீங்க. அப்புறம் புக் பண்ணும்போதே அந்த ஜியாலஜி கைடு வராங்களான்னு கேட்டுக்கோங்க, எல்லா ட்ரிப்புக்கும் அவங்க வர்றதில்ல.